கொச்சி – துபாய்: போகும்போது ஒரு நேரம், வரும்போது ஒரு நேரம் ஏன்?

வணக்கம் நேயர்களே. தை மாதத்தில் கொச்சியிலிருந்து துபாய்க்குப் பறந்த விமானம், அங்கிருந்து திரும்பி வரும்போது ஏறக்குறைய அரை மணி நேரம் குறைவாகவே எடுத்துக்கொள்கிறது. தூரம் மாறவில்லை, விமானமும் மாறவில்லை என்றால், அந்த அரை மணி நேரம் எங்கே போனது?

கணக்கை முதலில் முடித்துவிடுவோம். நேர்வழித் தூரம் சுமார் 2,800 கிலோமீட்டர்; பயணம் சுமார் 4 மணி நேரம். துபாய்க் கடிகாரம் நம்முடையதைவிட ஒன்றரை மணி நேரம் பின்தங்கியிருப்பதால், அதிகாலை 4 மணிக்குக் கிளம்புகிறவர் அங்கே 6.30 மணிக்கு இறங்குவார். இந்தக் கடிகார வேறுபாடு வேறு, நாம் தேடும் அரை மணி நேரம் வேறு.

பூமி சுழல்வதால்தான் என்று பலர் எழுதுகிறீர்கள். அது சரியன்று, பூமியோடு சேர்ந்து அதன் காற்றும், அந்தக் காற்றில் மிதக்கும் விமானமும் சுழன்றுகொண்டுதான் இருக்கின்றன.

காரணம் காற்று. பாலக்காட்டுக் கணவாயின் வாயிலில், கொழிஞ்சாம்பாறையில் வளர்ந்த எனக்கு இதைப் பாடப்புத்தகம் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஆடி மாதத்தில் பொள்ளாச்சிக்குச் சைக்கிளில் போகும்போது கணவாய்க் காற்று முதுகைப் பிடித்துத் தள்ளும். பெடலை மிதிக்காமலேயே வண்டி ஓடும். திரும்பும்போதோ, கோபாலபுரம் சோதனைச் சாவடியைத் தாண்டுவதற்குள் கால் கடுத்துவிடும். பனைமரங்களின் ஓலைகளெல்லாம் கிழக்குப் பக்கமாகவே சாய்ந்து படபடத்துக்கொண்டிருக்க, நான் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்திருக்கிறேன். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது எங்கள் ஊரில் வெறும் பழமொழி அன்று.

விமானத்துக்கும் இதே கதைதான். அதன் வேகம் காற்றைப் பொறுத்தது, தரையைப் பொறுத்ததன்று. மணிக்கு 840 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானத்தை 80 கிலோமீட்டர் காற்று எதிர்த்தால், தரைக்கணக்கில் 760 மட்டுமே மிஞ்சும். அதே காற்று பின்னிருந்து தள்ளினால் 920 ஆகும். 2,800 கிலோமீட்டரை இரண்டாலும் வகுத்துப் பாருங்கள்: ஏறக்குறைய 38 நிமிடம் வேறுபடும்.

குளிர்காலத்தில் வட இந்தியாவுக்கும் அரேபியாவுக்கும் மேலே, மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்றாறு ஓடுகிறது. அதன் நடுப்பகுதியில் வேகம் மணிக்கு 150 கிலோமீட்டரைத் தாண்டுவது வழக்கம். துபாயை நெருங்கும் விமானம் இதன் ஓரத்தை எதிர்த்தே போகிறது.

எனக்கு மிகவும் பிடித்த செய்தி இனிமேல்தான் வருகிறது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தென்னிந்தியாவின் உச்சிவானில் காற்று திசை மாறிக் கிழக்கிலிருந்து மேற்காக வீசுகிறது. கீழே கணவாயில் மேற்குக் காற்று சைக்கிளைக் கிழக்கே தள்ளும் அதே ஆடி மாதத்தில், மேலே அதற்கு நேர்எதிரான காற்று! கிழக்கிலிருந்து வரும் இந்தக் காற்றாற்றைப் பற்றி 1958-இல் விரிவாக எழுதியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம். அதன் உச்சவேகம் 14 கிலோமீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. 10 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் நம் விமானத்துக்கு அதன் அடிப்பகுதிதான் கிடைக்கும். ஆனாலும் வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்குப் பாதையின் தென்பகுதியில் அது துணைக்காற்றுதான்.

விமானத்தில் இருக்கைத் திரை இருந்தால், தரைவேகம் என்று காட்டும் எண்ணைப் போகும்போது ஒருமுறையும் வரும்போது ஒருமுறையும் குறித்துக்கொண்டு, மாதத்தோடு கீழே எழுதுங்கள். ஆடியில் போனவர்களின் எண்களையும் தையில் போனவர்களின் எண்களையும் அடுத்த காணொளியில் ஒரே வரைபடத்தில் போட்டுக் காட்டுகிறேன்.