இழுப்பறையைக் கவிழ்த்துப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரை ஒட்டிய சாட்ஸ்வர்த்தில், எங்கள் வீட்டுக் கராஜில், 32 ஆண்டுகளாகப் பழைய மேசை, நாற்காலி, அலமாரிகளைப் பழுதுபார்த்துப் பாலிஷ் போட்டுக் கொடுத்து வருகிறேன். கல்யாணமாகிப் புதிதாகக் குடிபோகும் பிள்ளைகள் என்னிடம் வழக்கமாகக் கேட்பது ஒரே கேள்விதான்: "மாமா, கையில் ஆறாயிரம் ரேண்ட்தான் இருக்கிறது, அதற்குள் சாப்பாட்டு மேசையும் நாலு நாற்காலியும் துணி வைக்க ஓர் அலமாரியும் வாங்க முடியுமா?" முடியும் என்பதே என் பதில். ஆனால் கடைக்குள் நுழைந்ததும் சாமானின் முகப்பழகில் மயங்கிவிடாமல், அதைத் திருப்பியும் கவிழ்த்தும் பார்க்கிற பழக்கம் இருந்தால்தான் முடியும். நிலையத்தார் எனக்குக் கொடுத்திருக்கும் நேரத்தில் அந்தப் பழக்கத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

புதுச் சாமானைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறேன். மாதம் இவ்வளவு என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும் தவணை விளம்பரத்தில், மொத்தம் எவ்வளவு என்பது தேடிப் படிக்க வேண்டிய எழுத்தில் இருக்கும். 2005-ஆம் ஆண்டின் தேசியக் கடன் சட்டப்படி, வட்டி, காப்பீடு, கட்டணம் எல்லாவற்றையும் சேர்த்த முழுத்தொகையைக் கையெழுத்துக்கு முன்பே தாளில் காட்டியாக வேண்டும்; அந்தத் தாளைக் கேட்டு வாங்கிக் கடைசி வரியைப் படித்தீர்களானால் நான் மேற்கொண்டு எதுவும் சொல்ல வேண்டியிருக்காது. அப்படி வாங்குகிற சாமானும் பெரும்பாலும் மரச்சீவலைப் பசையில் அழுத்திச் செய்த சிப்போர்டாகத்தான் இருக்கிறது. கடற்காற்றின் ஈரம் ஓயாத நம் ஊரில், தரை துடைக்கும் தண்ணீரும் சேர்ந்து அதன் அடிப்பகுதியில் ஏறினால், தேநீரில் நனைத்த ரொட்டிபோல் அது உப்பிவிடும். உப்பிய சிப்போர்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவர எனக்குத் தெரியாது. தெரியும் என்று சொன்ன எவரையும் நான் பார்த்ததுமில்லை.

நம் பக்கத்தில் இன்று மலிவாகக் கிடைப்பது, கனமான, கருப்பழுப்பான பழைய சாமான். ஒரு தலைமுறைக்கு முன்னால் நடுத்தரக் குடும்பத்தின் கனவே இம்பூயா மரத்தில் செய்த சாப்பாட்டு மேசைதான். கால் நுனியில் பறவையின் நகம் ஓர் உருண்டையைப் பற்றியிருப்பதுபோல் செதுக்கியிருப்பார்கள். 'பால் அண்ட் கிளா' என்று எல்லோரும் சொல்லும் வேலைப்பாடு அது. யாளியின் வாய்க்குள் உருளும் கல்லுருண்டையின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம் என்பதாலோ என்னவோ, ஐரோப்பாவிலிருந்து வந்த அந்த நகக்கால் நம் வீடுகளில் ஒருநாளும் அந்நியமாகத் தெரிந்ததில்லை. இப்போது பிள்ளைகள் ஜோகானஸ்பர்க்குக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போய்விட்டார்கள். இங்கேயே இருப்பவர்களின் அடுக்குமாடி வாசலிலோ அந்த மேசை நுழைவதில்லை. ஆகவே, வீட்டுப் பெரியவர் கண்மூடிய சில மாதங்களில், எட்டுப் பேர் உட்கார்ந்து சாப்பிட்ட மேசை ஏலத்துக்கோ தர்மக்கடைக்கோ வந்து சேர்கிறது.

மரத்தின் பெயரைச் சொல்லி விலையை ஏற்றுவது இந்த வியாபாரத்தின் பழைய வித்தை. இம்பூயா தென்பிரேசில் காட்டு மரம். நம் நாட்டுக் காட்டில் வளரும் ஸ்டிங்க்வுட்டும் அதுவும் தாவர நூலில் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. அறுக்கும்போது ஸ்டிங்க்வுட் நாறும், இம்பூயா ஜாதிக்காய்போல் மணக்கும். இரண்டும் காய்ந்து மெருகேறி நின்றால் பழகாத கண்ணுக்கு வித்தியாசம் பிடிபடாது. ஸ்டிங்க்வுட் இன்று சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட மரம் என்பதால் அதில் செய்த பழைய சாமான் விலை மிக அதிகம். மலிவாக ஒன்று கிடைக்கிறது என்றால் மலிவுக்குக் காரணம் கேளுங்கள். கியாட் என்று விற்கப்படுவது நம் இலக்கியத்து வேங்கை மரத்தின் நேர் உறவு. 'ரொடீசியத் தேக்கு' என்பதோ பெயரளவில்தான் தேக்கு. அது தேக்கைவிடப் புளியமரத்துக்கே நெருங்கிய சொந்தம். ரயில் தண்டவாளத்தின் அடியில் கட்டையாகக் கிடந்து பாரம் சுமந்த மரம் அது. உறுதியில் குறையே சொல்ல முடியாது. ஆனால் பர்மாத் தேக்கு விலை கொடுத்து வாங்காதீர்கள்.

பழைய சாமான் நம்மிடம் இவ்வளவுதானா என்று சிலர் கேட்பதுண்டு. 1860-இல் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கிய நம் முன்னோர் மேசை நாற்காலியோடு வரவில்லை. பிறகு பாடுபட்டுச் சேர்த்ததையும், 1950-ஆம் ஆண்டின் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின் பேரில், டர்பன் நகரின் கேட்டோ மேனரிலிருந்தும் மாகசின் பேரக்ஸிலிருந்தும் 1960-களில் நம்மவரை சாட்ஸ்வர்த்துக்குப் பெயர்த்தபோது, பலர் வழியிலேயே விட்டார்கள். நகராட்சி கட்டிக் கொடுத்த ஒட்டு வீட்டின் அறைக்குள் எங்கள் பாட்டியின் பாத்திர அலமாரி நுழையவில்லை. அதை அங்கேயே ஒருவருக்குச் சொற்பக் காசுக்குக் கொடுத்துவிட்டு வந்ததை அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

சரி, சாமானின் முன்னால் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் இழுப்பறை ஒன்றை முழுவதுமாக வெளியே உருவி எடுங்கள். முன்பலகையும் பக்கப்பலகையும் சேரும் மூலையில், புறாவின் வால்போல் விரிந்த பற்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருந்தால் அது டவ்டெயில் மூட்டு. பசை காய்ந்து உதிர்ந்த பின்னும் பிடியை விடாது. பற்களின் அகலம் கொஞ்சம் முன்பின்னாக இருந்தால் கையால் வெட்டியது, எல்லாம் ஒரே அச்சாக இருந்தால் இயந்திரத்தில் வெட்டியது. வீட்டு உபயோகத்துக்கு இரண்டும் நல்லதே. வெறும் ஆணியும் பசையும் மட்டும் தெரிந்தால், அந்த இழுப்பறை சுமக்கப்போகும் பாரத்தை நினைத்து விலையைக் குறைத்துக் கேளுங்கள். பிறகு அதைக் கவிழ்த்து அடிவிளிம்பைத் தடவுங்கள். பல்லாண்டுக் காலம் இழுத்துத் தள்ளிய பலகை ஓரிடத்தில் வழவழப்பாகத் தேய்ந்திருக்கும். அந்தத் தேய்மானத்தைப் போலியாகச் செய்வது லேசல்ல. திருகாணியின் தலையையும் பாருங்கள். சிலுவைபோல் குறுக்கு வெட்டுள்ள திருகாணி 1930-களுக்குப் பிறகே புழக்கத்துக்கு வந்தது. நூறு வயது நாற்காலி என்று சொல்லப்படுவதில் அது இருந்தால், ஒன்று பிறகு யாரோ பழுதுபார்த்திருக்கிறார்கள், இல்லையென்றால் நாற்காலிக்கு அந்த வயது இல்லை.

மேற்பூச்சுக்குப் பயப்படாதீர்கள் என்று நான் ஓயாமல் சொல்வதற்குக் காரணம் உண்டு. பழைய மெருகு பலவும் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணியால் பூசியது. அந்த அரக்கு இந்தியக் காடுகளில் மரக்கிளையில் பூச்சி உண்டாக்குவது. சூடான பாத்திரம் வைத்ததால் விழுந்த வெள்ளை வளையம் அந்த மெருகில்தான் இருக்கிறது, மரத்தில் இல்லை. கண்ணில் படாத மூலையில், ஸ்பிரிட் தொட்ட பஞ்சை ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். மெருகு இளகி ஒட்டினால் அது அரக்கு. அதை வீட்டிலேயே நீங்கள் புதுப்பித்துவிடலாம். ஆடும் நாற்காலியும் அப்படித்தான்: துளைக்குள் இருக்கும் கழுந்து முறியாதிருந்தால், பிரித்துப் பழைய பசையைச் சுரண்டி, புதுப் பசையிட்டு ஓர் இரவு கயிற்றால் முறுக்கிக் கட்டி வைத்தால் போதும். கடைக்காரருக்கு அது குப்பை. உங்களுக்கு ஒரு சனிக்கிழமை வேலை.

ஆனால் ஒன்றுக்கு மட்டும் பயந்தே ஆக வேண்டும்.

தொழிலுக்கு வந்த புதிதில், நகரில் நடந்த ஓர் ஏலத்தில், மலிவான மரத்தின் மேல் இம்பூயாவை மெல்லிய மேலொட்டுப் பலகையாக ஒட்டிய நீளமான பக்கமேசை ஒன்றை 400 ரேண்டுக்கு எடுத்தேன். முகப்பு கண்ணாடிபோல் இருந்தது. பின்பக்கம் சுவரோடு ஒட்டி நின்றதால் நான் நகர்த்திப் பார்க்கவில்லை. ஆறு வாரம் கழித்து என் மனைவி, "சமையலறையில் இருக்க வேண்டிய கசகசா கூடத்தில் எப்படி வந்தது?" என்று கேட்டாள். மேசைக்கடியில் வெள்ளை ஓட்டின் மேல் சிறு குவியல். அவள் மூன்று முறை பெருக்கித் தள்ளியிருக்கிறாள்; மூன்று முறையும் அது திரும்பி வந்திருக்கிறது. ஒரு சிட்டிகை எடுத்துத் தாளில் வைத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது, ஒவ்வொரு மணியும் ஆறு பட்டை பிடித்து, இருபுறமும் மழுங்கி, அச்சில் வார்த்ததுபோல் இருந்தது. அது உலர்மரக் கறையானின் எச்சம்.

நம் ஊர்க்காரர்கள் 'வண்டு' என்று பொதுவாகச் சொல்லும் இந்தப் பூச்சி உண்மையில் கறையான் இனம். மேற்கிந்தியத் தீவுகளின் பெயரால் அழைக்கப்படும் இது டர்பன் கரையில் வேரூன்றிப் பல்லாண்டுகள் ஆகின்றன. தோட்டத்துக் கறையானுக்கு மண்ணும் ஈரமும் வேண்டும். இதற்கு இரண்டும் வேண்டாம். ஒரு நாற்காலிக் காலுக்குள்ளேயே குடித்தனம் நடத்தும். மரத்திலுள்ள ஈரமே அதற்குப் போதும். எச்சத்தைச் சிறு துளை வழியாக வெளியே தள்ளிவிட்டுத் துளையை அடைத்துக்கொள்வதால், மேலே எதுவும் தெரியாது. உளுத்த மரத்தில் உதிர்வது மாவு, இதில் உதிர்வது மணி; விரல்களுக்கிடையில் தேய்த்தாலே வேறுபாடு புரியும். நம் கடற்கரைப் பகுதியில் வீடு கைமாறும்போது, பூச்சி இல்லை என்று காட்டும் வண்டுச் சான்றிதழ் கேட்பது வழக்கமாக இருப்பதற்கு இத்தகைய மரந்தின்னிகளே காரணம். வீட்டுக்குக் கேட்கிறோம், வீட்டுக்குள் கொண்டுவரும் அலமாரிக்குக் கேட்பதில்லை.

ஆகவே கைவிளக்கும் வெள்ளைத் தாளும் எடுத்துப் போங்கள். சாமானைச் சுவரிலிருந்து நகர்த்தி, பின்பலகையையும் மேலொட்டுக்கு அடியிலுள்ள மலிவான பைன் சட்டங்களையும் திருப்புளியின் பிடியால் தட்டுங்கள். சத்தம் காய்ந்த சுரைக்குடுக்கைபோல் கேட்டால் விட்டுவிடுங்கள். கீழே தாளை விரித்து, மேலே நாலு தட்டுத் தட்டிப் பாருங்கள். இழுப்பறை மூலையில் உதிர்ந்த மெல்லிய இறக்கைகள் கிடந்தாலும் எச்சரிக்கைதான். மண்ணெண்ணெய் பூசினால் போய்விடும் என்று விற்பவர் சொல்வார். பூச்சு மேற்பரப்பில் நிற்கும், பூச்சி உள்ளே இருக்கும். முறையான புகையூட்டலுக்கு ஆகும் செலவு பெரும்பாலும் சாமானின் விலையைத் தாண்டிவிடும். என் பக்கமேசையை நான் கொல்லையில் வைத்து எரித்தேன். பித்தளைக் கைப்பிடிகள் ஆறும் மிஞ்சின.

2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு இன்னொன்றும் பார்க்க வேண்டியதாயிற்று. நான்கு கால்களிலும் ஒரே உயரத்தில் மங்கலான கோடு ஓடினாலோ, இழுப்பறை ஓடும் சட்டத்தின் இடுக்கில் காய்ந்த வண்டல் இருந்தாலோ, அந்தச் சாமான் நீரில் நின்றது. முழு மரமானால் நிழலில் மெல்ல உலர்த்திக் காப்பாற்றலாம். மேலொட்டுப் பலகையானால் கொப்புளம் கொப்புளமாய்க் கிளம்பும்.

எங்கே தேடுவது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இறுதிநிலை நோயாளிகளைப் பராமரிக்கும் ஹாஸ்பிஸின் கடை, விலங்கு வதைத் தடுப்புச் சங்கமான எஸ்.பி.சி.ஏ.வின் கடை, தேவாலயங்களின் பழம்பொருள் விற்பனை ஆகியவற்றில் விலை வைப்பவர்கள் பெரும்பாலும் தொண்டர்கள். அவர்கள் மெருகைப் பார்த்து விலை போடுவார்கள், நீங்கள் மூட்டுகளைப் பார்த்து வாங்கலாம். இறந்தவர் சொத்து ஏலத்தில் நல்ல சாமான் வரும். ஆனால் சுத்தியல் விழும் விலைக்கு மேல் கமிஷனும் வாட் வரியும் சேரும். அவற்றைக் கூட்டிப் பார்த்து, நிறுத்த வேண்டிய எண்ணைக் கையில் எழுதிக்கொண்டு போங்கள். பேஸ்புக் மார்க்கெட்பிளேஸில் தனியாரிடம் வாங்கினால், 'ஃபூட்ஸ்டூட்ஸ்' என்ற டச்சுச் சொல்லைக் கேட்பீர்கள். காலால் உதைத்துத் தள்ளியதுபோல், இருப்பது இருந்தபடியே விற்கிறேன் என்று பொருள். விற்பவர் தனக்குத் தெரிந்த குறையை ஏமாற்றும் எண்ணத்தோடு மறைத்திருந்தால் அந்தச் சொல் அவரைக் காப்பாற்றாது. ஆனால் அதை நிரூபிக்க நீதிமன்றம் போக வேண்டும், 600 ரேண்ட் அலமாரிக்காக யார் போவார்? தொழிலாக வாங்கி விற்பவர், 2009-ஆம் ஆண்டின் இரண்டாம் கைப் பொருள் சட்டப்படி காவல்துறையில் பதிவு செய்திருக்க வேண்டும். சான்றிதழைக் காட்டச் சொல்வதில் தவறில்லை. பேரம் முடிப்பதற்கு முன் வாசலை அளந்து, பக்கி எனும் சிறு சரக்கு வண்டியின் வாடகையையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். அலமாரியைவிட அதைக் கொண்டுவந்த பக்கிக்கு அதிகம் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

பித்தளைக் குத்துவிளக்கும் இந்தக் கடைகளில் அகப்படும். சட்டைப் பையில் ஒரு காந்தம் வைத்திருங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு.

நான்கு ஆண்டுகளுக்கு முன், டோங்காட் பக்கம் ஒரு பழைய வீட்டைக் காலி செய்தபோது, பச்சைப் பெயின்ட் மூன்று பூச்சு ஏறிய சமையலறை அலமாரி ஒன்று 350 ரேண்டுக்கு வந்தது. யாரும் அதைத் தொடவில்லை. நான் இழுப்பறைகள் இரண்டையும் உருவிக் கவிழ்த்தேன். ஒன்றின் அடிப்பலகையில் தச்சுப் பென்சிலால் 'இ' என்றும், மற்றொன்றில் 'வ' என்றும் எழுதியிருந்தது. இடது, வலது. கையால் இழைத்த இழுப்பறை அதனதன் பொந்துக்கே பொருந்தும் என்பதால் தச்சர் தமக்காக இட்ட அடையாளம் அது. அந்த வீட்டார் அதைப் பார்த்திருப்பார்களா என்பதே சந்தேகம். பெயின்டைச் சுரண்டி எடுக்க இரண்டு வாரம் ஆயிற்று. அடிப்பலகையில் மட்டும் உப்புத்தாளை வைக்கவில்லை. என் பேத்தி ஒருநாள் இழுப்பறைகளைச் சுத்தம் செய்துவிட்டு மாற்றிப் போட்டுத் தள்ளினாள். பாதி தூரம் போய் இரண்டுமே நின்றுவிட்டன.