எந்தப் பிள்ளை கேட்டது இந்தப் பக்குவத்தை?

நடுவர் அவர்களுக்கும் சபையில இருக்கிற எல்லாருக்கும் வணக்கம். போருக்குள்ள வளந்த பிள்ளையளைப் போர் பக்குவப்படுத்திச்சுதா, இல்லாட்டி அவையின்ர பிள்ளைப் பருவத்தைப் பறிச்சுதா எண்டு தலைப்பு. நான் பறிச்சுது எண்ட அணி.

எனக்கு முதல் கதைச்ச அக்கா சொன்னா, குப்பி விளக்கில படிச்சவைதான் இண்டைக்கு டொக்டர், இஞ்சினியர், அந்த வைராக்கியத்தைத் தந்ததே போர்தான் எண்டு. நல்லாக் கை தட்டினீங்கள், நானும் தட்டினன். ஆனா அக்கா, உங்கட மகனை நீங்கள் தனிய ரியூசனுக்கு விடுறேல்ல, ஸ்கூட்டியில பின்னாலயே போறீங்கள் எண்டு ஊருக்கே தெரியும், பக்குவம் அவ்வளவு நல்ல சாமான் எண்டா அவனுக்கும் கொஞ்சம் குடுக்கலாமே?

விளக்குக் கதையை முழுசாச் சொல்லோணும். 1990 ஜூனில இலங்கை ஆமிக்கும் புலியளுக்கும் சண்டை திரும்பத் தொடங்கினாப் பிறகு யாழ்ப்பாணத்தில கரண்ட் இல்லை, பற்றரி தடை, மண்ணெண்ணெய் யானை விலை. ரேடியோவில செய்தி கேக்கிறதெண்டா சைக்கிளைக் கவிட்டு வைச்சு டைனமோ சுத்தோணும், ஆர் சுத்துறது? வீட்டில இருக்கிற பெடியன்தான். பெரியாக்கள் சுத்திவர இருந்து செய்தி கேப்பினம், இவன் பெடலைச் சுத்திச் சுத்தி ஆர் எங்க செத்தது, எந்த ஊரில அடி விழுந்தது எண்டு எல்லாத்தையும் தானும் கேட்டுக்கொண்டிருப்பான், சின்னப்பிள்ளை கேக்கக்கூடாது அங்கால போ எண்டு சொல்லவும் ஏலாது, அவன் போனா ரேடியோவும் நிண்டிடும்.

ஹெலியோ, பொம்பரோ, சகடை எண்ட குண்டு போடுற விமானமோ எண்டு சத்தத்திலயே சொல்லுற ஆறு வயசுப் பிள்ளையள் அப்ப இருந்தவை. ஷெல் குத்துற சத்தம் கேட்டா எத்தினை செக்கனில விழும் எண்டு எண்ணிக்கொண்டே பங்கருக்குள்ள இறங்குவினம். எதிரணி இதைக் கெட்டித்தனம் எண்டுது. அந்த வயசில என்ர மகளுக்குத் தெரிஞ்ச ஒரே சத்தம் ஐஸ்கிறீம் வான்தான், அதுவே எனக்குப் பெரிய செலவு!

1995 ஒக்டோபர் 30. ஆமி முன்னேறி வர, யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதிச் சனம் லட்சக்கணக்கில வெளிக்கிட்டு நாவற்குழிப் பாலத்துப் பக்கம் நடக்குது, மழை வேற. பத்து வயசுப் பெட்டையள் தம்பியை இடுப்பில வைச்சுக்கொண்டு, மற்றக் கையில அம்மம்மாவைப் பிடிச்சுக்கொண்டு, அழாதை, பாலம் தாண்டினா சாப்பாடு தருவினம் எண்டு வாய்க்கு வந்த பொய்யைச் சொல்லிச் சொல்லி நடந்தவை. பொய் சொல்லிப் பிள்ளையைத் தேத்துறது தாயின்ர வேலை, அந்த வேலையை அண்டைக்கு அந்தப் பெட்டையளின்ர தலையில கட்டினது ஆர்?

அதுக்கு ஒரு மாசம் முந்தி, செப்ரெம்பர் 22, நாகர்கோவில் பள்ளிக்கூடம். தமிழ்நாட்டு ஆக்கள் குழம்பாதேங்கோ, இது எங்கட வடமராட்சி கிழக்கு நாகர்கோவில். பள்ளிக்கூட நேரத்தில அரசாங்க விமானம் குண்டு போட்டுது, செத்ததில கனபேர் பள்ளிப் பிள்ளையள். அதுகளில எத்தினை பேர் டொக்டரா வந்தவை எண்டு எதிரணி கணக்கெடுத்ததோ? உயிர் தப்பி, படிச்சு, மேடைக்கு வந்து மைக் பிடிக்கக் கூடின ஆக்களை மட்டும் சாட்சிக்குக் கூப்பிட்டுப்போட்டு போர் நல்ல வாத்தியார் எண்டு சொன்னா எப்பிடி நடுவர் அவர்களே?

இனிச் சொல்லுறது இங்க சிலருக்குக் கசக்கும், பரவாயில்லை. 1990 ஒக்டோபரில யாழ்ப்பாண ரவுனில இருந்த முஸ்லிம் சனத்துக்கு வெளிக்கிட ரெண்டே மணித்தியாலம்தான் குடுத்தவை, புலியள்தான் குடுத்தவை. அந்தப் பிள்ளையள் புத்தகத்தையும் விளையாட்டுச் சாமானையும் விட்டிட்டுப் போய் புத்தளத்தில கிடுகுக் கொட்டிலுக்குள்ள வளந்தவை. வன்னியில போரின்ர கடைசிக் காலத்தில புலியள் சண்டைக்கு ஆக்களைப் பிடிக்கினம் எண்ட பயத்தில, கலியாணம் கட்டினா விட்டிடுவினமாம் எண்டு பள்ளிக்கூடம் போற பெட்டைக்கும் அவசரமாத் தாலி கட்டினவை. பதினாறு வயசில தாலி, பதினேழில கையில பிள்ளை. இதுவும் பக்குவமோ?

சட்டமும் லேசுப்பட்ட ஆளில்லை. 1989 இல வந்த ஐநா சிறுவர் சாசனம் பதினெட்டு வயசுக்குக் கீழ எல்லாரும் பிள்ளை எண்டு எழுதிப்போட்டு, சண்டைக்கு மட்டும் பதினைஞ்சு காணும் எண்டு விட்டுது. 2000 இலதான் ஆயுதக் குழுவள் பதினெட்டுக்குக் கீழ சேர்க்கப்படாது எண்டு இன்னொரு ஒப்பந்தம் வந்தது.

கறுத்தக்கொழும்பான் மாங்காய் வெம்பி விழுந்தாலும் நிறம் மாம்பழ நிறம்தான், வாயில வைச்சாத்தான் தெரியும். நீங்கள் நிறத்தைப் பாத்திட்டு மார்க் போடுறீங்கள்.

மணி அடிச்சிட்டுது, விளங்குது, ஒண்டே ஒண்டு. 2009 இல போர் முடிஞ்சு புனர்வாழ்வுக்கு எடுத்த முன்னாள் புலியளில 594 பேர் பதினெட்டு வயசுக்குக் குறைஞ்ச பிள்ளையள் எண்டு அரசாங்கமே கணக்குச் சொன்னது. அடுத்ததா வாற எதிரணித் தம்பி, அந்த 594 பேரில ஒருத்தருக்கு முன்னால நிண்டு இதே பேச்சைப் பேசுவாரோ எண்டு முதல் சொல்லிப்போட்டு பிறகு தன்ர தலைப்புக்குப் போகட்டும். நன்றி, வணக்கம்.