கொள்ளிடத்து மணலில் நெருப்புக் குடை: இரும்பு நாரைச் சுற்றிப் படம் எடுப்பது எப்படி, எங்கே சுற்றவே கூடாது?

(திரையில் முதலில் படம் மட்டும். இசை வேண்டாம், தவளைச் சத்தம் போதும்.)

இந்தப் படத்தைப் பாருங்கள். கொள்ளிடத்து மணலில் நெருப்பாலேயே ஒரு குடை விரிந்திருக்கிறது. குடைக்கு நடுவில் ஆள் இருக்கிறாரா என்றால், இருக்கிறார். என் மச்சான்தான். இருட்டில் அசைந்துகொண்டே இருந்ததால் படத்தில் அவர் விழவில்லை. இதைக் கம்ப்யூட்டரில் ஒட்டவும் இல்லை, ஏஐ வரையவும் இல்லை. ஒரு பிடி இரும்பு நார் (ஸ்டீல் வூல், முடியைவிட மெல்லிய இரும்பு இழை), முட்டை அடிக்கிற கம்பிக் கரண்டி, ஒரு நாய்ச் சங்கிலி, சின்ன 9 வோல்ட் பேட்டரி, இவ்வளவுதான் சாமான். நாரைக் கரண்டிக்குள் வைத்து, கரண்டியைச் சங்கிலியில் கட்டி, பேட்டரியால் பற்றவைத்துச் சுற்ற வேண்டியதுதான். நாய் மட்டும் தேவையில்லை.

இதே சாமானை வைத்து ஒரு ஊரின் வைக்கோல் போர்களை ஒரே ராத்திரியில் கொளுத்திவிடவும் முடியும். அதனால் பாதி வீடியோவில் ஓடிவிடாதீர்கள்.

இந்த மாதிரிப் படம் எடுக்கும் முறைக்கு லாங் எக்ஸ்போஷர் என்று பெயர். அப்படியென்றால் கேமராவின் கண்ணை 20, 30 விநாடி மூடாமல் வைத்திருப்பது. அந்த நேரத்தில் ஒளி எங்கெல்லாம் ஓடியதோ, அத்தனையும் ஒரே படத்தில் கோடாகப் பதியும். பாடம் முடிந்தது.

சரி, இரும்பு எரியுமா? கடப்பாரை எரியாது. ஆனால் புளியங்கட்டை அடுப்பில் பிடிக்க அரை மணி ஆகும், அதே கட்டையில் சீவிய சிராய் ஒரு தீக்குச்சிக்கே பற்றிக்கொள்ளும் இல்லையா? இரும்பை முடியைவிட மெல்லிசாக இழுத்துவிட்டால் அதுவும் சிராய் மாதிரிதான். எல்லாப் பக்கமும் காற்று படுகிறது, சூடு ஓடி ஒளிய இடமில்லை, பற்றிவிடும். துருப்பிடிப்பதும் அடிப்படையில் இதே வேலைதான். அது வருஷக்கணக்கில் நடக்கிறது, இது பத்துப் பதினைந்து விநாடியில். இன்னொரு வேடிக்கை: விறகு எரிந்தால் எடை குறையும். இரும்பு நாரைத் தராசில் வைத்து எரித்தால் எடை கூடும்! காற்றில் இருக்கும் ஆக்சிஜன் இரும்போடு சேர்ந்து அங்கேயே தங்கிவிடுகிறது.

இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். இதை ஏதோ வெளிநாட்டுக்காரன் கண்டுபிடித்த வித்தை என்று நினைக்கிறவர்கள், வீட்டில் தாத்தா இருந்தால் ஒரு நிமிஷம் கூப்பிடுங்கள்.

(திரையில்: பனைமரம், கார்த்திகை விளக்கு.)

மாவலி. கார்த்திகை தீபத்தன்று பையன்கள் தெருவில் சுற்றுவது. ஆண் பனையின் பூவைக் காயவைத்து, குழியில் போட்டு எரித்து, சாம்பலாகிவிடாமல் மண்ணைப் போட்டு மூடிக் கரியாக்குவார்கள். அந்தக் கரியைப் பொடியாக்கித் துணியில் நீளமாகச் சுருட்டிக் கட்டுவார்கள். பனை மட்டையைப் பிளந்து அதன் நடுவில் அந்தச் சுருளைச் செருகி, நுனியில் ஒரு கங்கை வைத்து, கயிற்றில் கட்டிச் சுற்றினால் தலைக்கு மேலே பொன் பூவாகக் கொட்டும். ‘மாவலியோ மாவலி’ என்று கத்திக்கொண்டே சுற்ற வேண்டும். கத்தாமல் சுற்றினால் பொறி குறையும் என்று எங்கள் தெருவில் ஒரு ஐதீகம் உண்டு.

யோசித்துப் பாருங்கள், இரண்டும் ஒரே யந்திரம். சீக்கிரம் எரியக்கூடிய ஒரு பொருள், அதைப் பிடித்துவைக்க ஒரு கூடு, சுற்ற ஒரு கயிறு. அங்கே பனம்பூக் கரி, இங்கே இரும்பு நார். அங்கே பிளந்த மட்டை, இங்கே முட்டைக் கரண்டி. சுற்றும்போது அடிக்கிற காற்றுதான் இரண்டுக்கும் துருத்தி. நிறுத்திப் பாருங்கள், கங்கு மங்கிவிடும். இதைக் கையாலேயே கண்டுபிடித்துவைத்தவர்களுக்குக் கேமரா மட்டும்தான் இல்லை. என் கட்சி என்னவென்றால் மாவலிதான் அழகு. கரிப்பொறி மெதுவாக, சோம்பலாக விழும். இரும்புப் பொறிக்குக் கோபம் அதிகம்.

எவ்வளவு கோபம்? கை நடுவிலிருந்து கரண்டி வரை ஒரு மீட்டர், விநாடிக்கு மூன்று சுற்று என்று வைத்துக்கொள்வோம். கரண்டியின் வேகம் மணிக்குக் கிட்டத்தட்ட 68 கிலோமீட்டர். எங்கள் ஊர் டவுன் பஸ் இறக்கத்தில்கூட அந்த வேகத்தைத் தொட்டதில்லை. நாரோடு சேர்த்துக் கரண்டி 100 கிராம் என்றால் சங்கிலியை மூன்றரைக் கிலோ கணக்கில் இழுக்கும். அதனால்தான் நாய்ச் சங்கிலி. தேங்காய் நார்க் கயிறோ நைலானோ கட்டினால் நடுவழியில் எரிந்து அறுந்து, தீப்பந்து யார் வீட்டுக் கூரைக்கு விருந்தாளியாகப் போகும் என்று சொல்ல முடியாது. காற்று மட்டும் தடுக்காவிட்டால், இந்த வேகத்தில் மேல்நோக்கிச் சாய்ந்து கிளம்பும் பொறி 36 மீட்டர் வரை தள்ளிப் போய் விழும். காற்று தடுக்கிறது, நிஜம்தான். ஆனால் அதே காற்று பின்னாலிருந்து வீசினால் தள்ளியும்விடும்.

கடையில் வாங்கும்போது ஒன்று: பாத்திரம் தேய்க்கிற சுருள் கம்பி வேண்டாம். அது எவர்சில்வர், சரியாக எரியாது. மரச்சாமானுக்குப் பாலிஷ் போடுகிறவர்கள் வாங்கும் மெல்லிய இரும்பு நார், நான்கு சைபர் (0000) போட்டது, பெயின்ட் கடையில் கேளுங்கள். கரண்டிக்குள் திணிக்காதீர்கள். பிய்த்து, உதறி, காற்றுப் போகிற மாதிரி வையுங்கள். பேட்டரியின் இரண்டு முனையும் நாரில் பட்டாலே பற்றிக்கொள்ளும். ஆகவே பேட்டரியையும் நாரையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு பைக்கில் கிளம்பாதீர்கள். முதுகில் ஹோமம் நடக்கும்.

கேமரா அமைப்பு: ஸ்டாண்டில் வையுங்கள், ஐஎஸ்ஓ (ஒளியைக் கேமரா எவ்வளவு கூட்டிக் காட்டும் என்பது) 100, அப்பர்ச்சர் (லென்ஸ் துவாரத்தின் அளவு) எஃப் 8, ஷட்டர் (கேமராவின் கண் திறந்திருக்கும் நேரம்) 20 விநாடி. சுற்றப்போகிறவர் நிற்கும் இடத்தில் டார்ச் அடித்து ஃபோகஸ் செய்துவிட்டு மேனுவலுக்கு மாற்றுங்கள். போனில் என்றால் புரோ மோடு, அதாவது இந்த எண்களை நாமே வைக்கும் வசதி.

நிறையப் பேர் இடறி விழுவது ஒரே இடத்தில்தான். பொறி வெளுத்துப்போனால் ஷட்டர் நேரத்தைக் குறைக்கிறார்கள். பயனில்லை! பொறி ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒரு புள்ளியை அது கடப்பது கண்ணிமைக்கும் நேரம்தான், நீங்கள் 10 விநாடி திறந்தாலும் 30 திறந்தாலும் அந்தக் கோட்டின் பிரகாசம் மாறாது. அதை மாற்றுவது அப்பர்ச்சரும் ஐஎஸ்ஓவும். ஷட்டர் நேரம் எத்தனை பொறி விழும், பின்னால் வானமும் தண்ணீரும் எவ்வளவு தெரியும் என்பதற்குத்தான். இது புரிய எனக்கு நான்கு ராத்திரியும் மச்சானின் பொறுமையும் செலவானது.

(திரையில்: ஓட்டை விழுந்த சட்டை.)

இது என் சட்டை. முதல் நாள் பாலியஸ்டரில் போனேன். எண்ணிப் பார்த்தால் 14 ஓட்டை. பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டும், அதனால் முழுக்கைப் பருத்திச் சட்டை, ஜீன்ஸ், ஷூ, தொப்பி, தோல் கையுறை, கண்ணாடி. கண்ணாடி என்றால் கூலிங் கிளாஸ் இல்லை, வெல்டிங் பட்டறையில் கிடைக்கும் வெள்ளைக் கண்ணாடி.

அடுத்து இடம். தை, மாசியில் சம்பா அறுப்பு முடிந்து வயலில் தாள், களத்தில் வைக்கோல், ரோட்டிலும் வைக்கோல். அந்த மாதங்களில் வயல் பக்கமே தலைவைத்துப் படுக்காதீர்கள். கீற்றுக் கொட்டகை, தென்னந்தோப்பு, மூங்கில் புதர், எரிவாயுக் கிணறு, குழாய் போகிற இடம், எல்லாம் கூடாது. கோயில் மதில், பழைய மண்டபம் பின்னணியில் அழகாகத்தான் இருக்கும், வேண்டாம். 2016இல் கலிபோர்னியாவில் பாயின்ட் ரேயஸ் பக்கம் கரையில் கிடந்த ஒரு பழைய மரப்படகின் பின்பகுதி எரிந்துபோனது. எல்லாரும் ஆசையாகப் படம் எடுக்கும் படகு அது. இரும்பு நார் சுற்றியவர்கள் மேல்தான் சந்தேகம் விழுந்தது.

அப்போ கடற்கரை? தரங்கம்பாடி, நாகப்பட்டினம் மணல் எரியாது, சரி. ஆனால் தை முதல் சித்திரை வரை அந்தக் கரையில் பங்குனி ஆமைகள் ராத்திரியில்தான் முட்டையிட ஏறும், குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துத் திசை மாறிப் போகும். அந்த மாதங்களை அவற்றுக்கே விட்டுவிடுங்கள்.

மிச்சம் ஆற்று மணல். ஜனவரி 28 மேட்டூர் அணையை அடைக்கும் வழக்கமான நாள், ஜூன் 12 திறக்கும் வழக்கமான நாள். நடுவில் மணல் நமக்கு. அப்போதும் காய்ந்த நாணலையும் கோரையையும் விட்டு நன்றாகத் தள்ளி, ஈரமணலாகப் பார்த்து நில்லுங்கள். மழைக்காலத்தில் கொள்ளிடத்தில் இறங்கவே இறங்காதீர்கள்; மேட்டூர் நிரம்பினால் உபரியை முக்கொம்பில் இந்தப் பக்கம்தான் திருப்புவார்கள், தண்ணீர் உங்கள் படம் முடிகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காது. பகலிலேயே போய்ப் பள்ளம் எங்கே என்று பார்த்துவிட்டு வாருங்கள். கரையோரத் தெருவில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நாங்கள் சொல்லவில்லை. மறுநாள் டீக்கடையில் கொள்ளிவாய்ப் பிசாசைக் கண்ணால் பார்த்தவர்கள் ஏழு பேர். ஒருவர் அதோடு பேசியிருக்கிறார்.

சுற்றுகிறவர் தவிர ஒரு ஆள் இரண்டு வாளித் தண்ணீரும் நனைத்த சாக்குமாக நிற்க வேண்டும், கேமராவைப் பார்க்காமல் பொறி விழும் இடத்தைப் பார்த்துக்கொண்டு. முடிந்ததும் டார்ச்சை அணைத்துவிட்டு கால் மணி நேரம் இருட்டில் உட்காருங்கள். எங்காவது சிவப்பாகக் கண் முழிக்கிறதா என்று தெரியும். அப்புறம் ஒரு காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டு மணல்மேல் இழுத்துக்கொண்டு போங்கள், உதிர்ந்த கம்பி ஒட்டிக்கொள்ளும். விடிந்தால் அங்கே மாடு மேய வரும். புல்லோடு கம்பியை விழுங்கினால் வயிற்றைக் குத்திக் கிழிக்கும்.

வரும் கார்த்திகைக்கு மாவலியையும் இரும்பு நாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே படத்தில் எடுக்கப்போகிறோம். ஆள் இருக்கிறது, மட்டை இருக்கிறது, பனம்பூக் கரிதான் கிடைக்கவில்லை. நம்ம வேதாரண்யம் பக்கத்து ஆட்கள் யாராவது சுட்டுவைத்திருந்தால் கீழே எழுதுங்கள், பஸ் ஏறி வந்து வாங்கிக்கொள்கிறேன்.