எடை குறைந்தபின் இலையில் என்ன?

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

உடம்பைக் குறைப்பது எப்படி என்று சொல்ல ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. குறைத்தவர் அதற்கப்புறம் என்ன சாப்பிடுவது என்று சொல்லத்தான் ஆளில்லை. கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைப் பக்கம் ஜிம் நடத்துகிற எனக்கு இவர்களைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். கன்னம் வற்றியிருக்கும், சட்டை தொளதொளவென்று தொங்கும், வயிறு மட்டும் மெத்தென்று இருக்கும். வெயிட் தூக்கி உடம்பைத் தேற்ற வேண்டும் என்பார்கள். சரி, சாப்பாடு என்ன என்று கேட்டால் வெள்ளரிக்காயும் க்ரீன் டீயும் என்று பதில் வரும்.

அரைப்பட்டினி கிடந்து எடையைக் குறைக்கும்போது கொழுப்பு மட்டும் போவதில்லை. தசையும் சேர்ந்து போகிறது. வெயிட் தூக்காமல், புரதமும் சாப்பிடாமல் குறைத்தவர்களுக்கு, போன எடையில் கால்வாசி இப்படிப் போயிருக்கலாம். அதைத் திரும்ப வாங்கத்தான் ஜிம்முக்கு வருகிறார்கள். ஆனால் கை இலைப் பக்கம் போக மாட்டேன் என்கிறது. பயம்.

குலசேகரத்திலிருந்து ஒரு பையன் வந்தான், கூடவே அம்மாவும். "மாஸ்டரே, சோத்தப் பாத்தாலே பேடிக்கான். நீங்க சொன்னாலாவது கேப்பான்" என்றார் அந்த அம்மா. மத்தியானம் சோறு, சாயங்காலம் வெயிட் தூக்குவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் அவித்த மரச்சீனி, அதாவது மரவள்ளிக்கிழங்கு, நாலு துண்டு, கூட மீன் கறி என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த வாரம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து நின்றான். எடை ஒன்றரை கிலோ ஏறிவிட்டதாம். "போனதெல்லாம் திரும்பி வருது மாஸ்டர்."

இதைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். பலர் ஓடிப்போவது இந்த இடத்தில்தான். நாம் தின்கிற சோறும் கிழங்கும் தசையிலும் ஈரலிலும் கிளைகோஜன் என்கிற சேமிப்பு மாவுச்சத்தாகச் சேர்ந்திருக்கும். அதில் ஒவ்வொரு கிராமும் தன்னோடு சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைக்கும். பட்டினியில் காலியான இருப்பு மறுபடி நிரம்பும்போது தராசு முள் ஏறத்தானே செய்யும்? ஒரு கிலோ கொழுப்பு ஏற வேண்டுமானால் தேவைக்கு மேல் 7,700 கலோரி அளவுக்குச் சாப்பிட வேண்டும். ஒன்றரை கிலோவுக்கு 11,500. நூறு கிராம் மரச்சீனியில் 160 கலோரி என்று வைத்தால், அந்த வாரம் அவன் ஏழு கிலோ கிழங்கு கூடுதலாகத் தின்றிருக்க வேண்டும். இதைச் சொன்னதும் அம்மா சிரித்துவிட்டார். "ஏழு கிலோவா? அது எங்க வீட்டுல எல்லாருக்கும் ஒரு வாரத்துக்கு வருமே!"

அதனால் முதல் மாதம் தராசைப் பரணில் போடுங்கள். இடுப்பை டேப்பால் அளந்து வையுங்கள். இன்று எத்தனை கிலோ தூக்கினீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். 20 கிலோவைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுந்தவர் கொஞ்ச நாளில் 22.5க்குப் போகிறார், இடுப்பு அப்படியே இருக்கிறது என்றால், ஏறுகிற எடையைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

எவ்வளவு கூட்டுவது? தினமும் 200, 300 கலோரி போதும். தசை வளர்கிறதே என்று அண்டா கணக்கில் தின்னக் கூடாது. புரதம், உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் வரை. 60 கிலோ ஆளுக்கு 96 கிராம். மலைப்பாக இருக்கிறதா? காலையில் புட்டோடு 50 கிராம் சிறுபயறும் 2 முட்டையும்: 24 கிராம். மத்தியானம் சாளை, அதாவது மத்தி மீன், சதை மட்டும் 200 கிராம்: 40 கிராம். சாயங்காலம் ஒரு கைப்பிடி நிலக்கடலை, ஒரு தம்ளர் பால். ராத்திரி இன்னும் 2 முட்டை. சோறும் புட்டும் தருகிற சொச்சத்தைச் சேர்த்தால் கணக்கு முடிந்தது.

சாளை என்றதும் சிலர் முகம் சுளிப்பது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. விருந்தாளி வந்தால் நெய்மீன், சாளை என்றால் கௌரவக் குறைச்சல்! அதே ஆள் ஆயிரக்கணக்கில் கொடுத்து புரதப் பவுடர் டப்பா வாங்குவார். நூறு கிராம் சாளைச் சதையில் 20 கிராம் புரதம் இருக்கிறது, ஒமேகா 3 கொழுப்பு இருக்கிறது, வைட்டமின் டி இருக்கிறது. முள்ளு மெத்தென்று வேகும்படி வைத்தால் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்து கிடைக்கும். மீன்காரர் ஸ்கூட்டரில் ஹாரன் அடித்துக்கொண்டு வாசலுக்கே வருகிறார். புளியும் மிளகாயும் சேர்த்துப் புளிமுளம் குழம்பாக வையுங்கள். பொரித்தால் எண்ணெய்க் கலோரி தனியாக ஏறும், அதையும் கணக்கில் வையுங்கள். திரும்பவும் சொல்கிறேன், சாளை.

விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் வந்தால்? நம் மாவட்டத்தின் கிழக்குக் கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கரைக்கு ஜூன், ஜூலை. மீன் விலை ஏறும். அப்போது காணத்தை, அதாவது கொள்ளை, ஊறப்போட்டு அவியுங்கள். ஊறப்போடாத நூறு கிராம் காணத்தில் 22 கிராம் புரதம் இருக்கிறது. மீன், முட்டை தொடாதவர்களுக்குப் பயறு, காணம், பால், தயிர், சோயா எல்லாம் உண்டு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள், நேரமாகிவிட்டது. பவுடர் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன். சாப்பாட்டில் கணக்கு வந்துவிட்டால் அது தேவையில்லை, வராதவர்களுக்கு ஒரு வசதி, அவ்வளவுதான். ஏழு மணி நேரமாவது தூங்குங்கள். ஐம்பது வயது தாண்டிய பெண்களும் வெயிட் தூக்கலாம், தூக்க வேண்டும். அதைத் தனியாகத்தான் பேச வேண்டும். கிட்னியில் கோளாறு உள்ளவர்கள் மட்டும், டாக்டரைக் கேட்காமல் நான் சொன்ன புரதக் கணக்கைத் தொடாதீர்கள். வணக்கம்.