டிக்கியில பாக்ஸை நகர்த்தினா பேஸ் ஏறுமா? போர்ட்டட் சப்வூஃபர் ரகசியம்!

[திரையில்: திறந்த டிக்கி, நடுவுல சப்வூஃபர் பாக்ஸ்]

அதே சப் (சப்வூஃபர், அதாவது தாழ்ந்த பேஸ் சத்தத்துக்குன்னே இருக்கிற ஸ்பீக்கர்). அதே ஆம்ப் (சிக்னலைப் பெருக்கற ஆம்ப்ளிஃபையர்). வால்யூமைத் தொடவே இல்ல. பாக்ஸை மட்டும் டிக்கிக்குள்ள ஒன்றரை முழம் பின்னாடி தள்ளினா, காணாமப் போன பேஸ் திரும்பி வந்துடலாம். மந்திரம் இல்லீங்க, பள்ளிக்கூடப் பெருக்கல் வகுத்தல்தான். அந்தக் கணக்கு பின்னாடி வருது. நேரா அங்க தாவறவங்களை நான் தடுக்க முடியாது, ஆனா நடுவுல வர்றது அதைவிட அழகான விஷயம்.

வரலாற்றை ஒரே மூச்சுல முடிச்சுடறேன். பெல் லேப்ஸ்ல இருந்த ஆல்பர்ட் துராஸ் போர்ட் (காத்து வந்து போற திறப்பு) வெச்ச பாக்ஸுக்கு 1932-ல பேட்டன்ட் வாங்கினார். ரொம்ப நாள் எல்லாரும் குத்துமதிப்பாத்தான் செஞ்சாங்க. 1961-ல நெவில் தீல், எழுபதுகள்ல ரிச்சர்ட் ஸ்மால், ரெண்டு பேரும் ஆஸ்திரேலியாவுல உக்காந்து அதைக் கணக்கா மாத்தினாங்க. உங்க சப் கூட வர்ற தாள்ல, அதுக்கு எப்படிப்பட்ட பாக்ஸ் பொருந்தும்னு கணக்குப் போட உதவற தீல்-ஸ்மால் எண்கள் இவங்களோடதுதான். முடிஞ்சுது.

இப்ப போர்ட். காலி பாட்டில் வாயில ஊதினா 'ஊம்'னு ஒரே சுருதி வரும்ல? கழுத்துல இருக்கிற காத்து எடை, வயித்துல இருக்கிற காத்து ஸ்பிரிங். ரெண்டும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட வேகத்துலதான் ஆடும். பாக்ஸோட போர்ட்டும் அந்தக் கழுத்தேதான். வினாடிக்கு எத்தனை ஆட்டம்ங்கற அந்த எண்தான் டியூனிங், அதை ஹெர்ட்ஸ்ல சொல்வாங்க.

[திரையில்: கோன், குளோசப்]

இங்கதான் நான் கொஞ்ச நேரம் நிக்கப் போறேன். 33 ஹெர்ட்ஸுக்கு டியூன் பண்ணின பாக்ஸ்ல 33 ஹெர்ட்ஸ் டோன் ஓட்டுங்க. கார் கண்ணாடியெல்லாம் அதிருது. கோனை (சப்போட முன்னால ஆடற கூம்பு) பாருங்க... கிட்டத்தட்ட அசையவே இல்ல! சப் போயிடுச்சோன்னு பயப்படாதீங்க. போர்ட் வாய்கிட்ட கையைக் கொண்டு போனா காத்து அறையும். அந்த ஒரு ஹெர்ட்ஸ்ல போர்ட் காத்து அவ்வளவு பலமா ஆடுது. அதனால பாக்ஸுக்குள்ள எழும்புற அழுத்தம் கோனை எதிர்த்துப் பிடிச்சு நிறுத்துது. சத்தம் போடறது போர்ட், பேர் வாங்கறது கோன். எத்தனை ஆபீஸ்ல பார்த்திருப்போம் இதை!

இதுல ஒரு பலனும் இருக்கு. போன்ல டோன் ஜெனரேட்டர் ஆப் போட்டு, சத்தத்தைக் குறைச்சு வெச்சு, 50 ஹெர்ட்ஸ்லேர்ந்து மெதுவா கீழ இறங்குங்க. கோன் எங்க மிகக் குறைவா அசையுதோ அதுதான் உங்க பாக்ஸோட நிஜமான டியூனிங். வரைபடம் என்ன வேணா சொல்லட்டும், கோன் பொய் சொல்லாது.

ஆனா அந்த எண்ணுக்குக் கீழ ரொம்ப இறங்கிடாதீங்க. அங்க போர்ட் வெறும் ஓட்டை. கோனைப் பிடிச்சு வெக்க உள்ள ஸ்பிரிங் கிடையாது, அது பாட்டுக்குத் துள்ளும், சத்தமும் வராது, கோனை ஆட்டற காயில் அடிபடும். ஆம்ப்ல சப்சானிக் ஃபில்டர்னு ஒண்ணு இருக்கும், நீங்க வைக்கிற எண்ணுக்குக் கீழ இருக்கிற ஒலியை அது வெட்டிடும். 33-க்கு டியூன் பண்ணினா அதை 28, 30 கிட்ட வைங்க. நிறைய பேர் அந்தக் குமிழைத் தொடறதே இல்ல. எனக்கு இதுல ரொம்பவே கோபம் உண்டு.

பாக்ஸ் செய்யறது: 18 மி.மீ. எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செஞ்ச பலகை), மரப்பசை, ஸ்க்ரூ, உள் மூலையெல்லாம் சிலிகான், காத்து கசியக் கூடாது. அவ்வளவுதான். அளவுல மட்டும் கவனம். 12 இஞ்ச் சப்புக்கு 2 கன அடின்னு வெச்சுக்குவோம். இது சப்பும் போர்ட்டும் உள்ள அடைக்கிற இடத்தைக் கழிச்ச பிறகு மிஞ்ச வேண்டிய அளவு. 30 சதுர இஞ்ச் ஸ்லாட் போர்ட்ல (பலகையாலேயே செய்யற நீளச் சந்து) 33 ஹெர்ட்ஸ் வேணும்னா நீளம் ஏறக்குறைய 80 செ.மீ. வரும், அதான் போர்ட் உள்ள எல் மாதிரி மடங்குது. இதுக்குப் பதிலா 4 இஞ்ச் பைப்பா? 32 செ.மீ. போதும், வேலை சுலபம். ஆனா அதே காத்து சின்னத் தொண்டை வழியா ஓடணும், பாட்டு நடுவுல 'புஸ் புஸ்'னு மூச்சு கேக்கும். என் ஓட்டு ஸ்லாட்டுக்குத்தான்.

[திரையில்: காரோட பக்கவாட்டுப் படம், அம்புக்குறிகள்]

இப்ப அந்தக் கணக்கு. ஒலி வினாடிக்கு 343 மீட்டர் போகுது. 80 ஹெர்ட்ஸ்ல ஒரு அலையோட நீளம் 4.3 மீட்டர். பாக்ஸ் பின்பக்கம் பார்த்து, டிக்கிக் கதவுலேர்ந்து 1 மீட்டர் தள்ளி இருக்கு. கதவுல பட்டுத் திரும்பற ஒலி 2 மீட்டர் கூடுதலா நடக்குது, அதாவது கிட்டத்தட்ட அரை அலை. ஒண்ணு ஏறும்போது இன்னொண்ணு இறங்குது, ரெண்டும் ஒண்ணையொண்ணு தின்னுடுது. டிரம் அடி விழற இடமே காலி! பாக்ஸைக் கதவுலேர்ந்து 30 செ.மீ. தூரத்துக்குத் தள்ளுங்க. கூடுதல் தூரம் 60 செ.மீ. தான், மோதல் 286 ஹெர்ட்ஸுக்குப் போயிடும். அங்க சப் வாசிக்கிறதே இல்லையே!

நிஜக் கார்ல சீட், கண்ணாடி, கூரைன்னு எல்லாமே ஒலியைத் திருப்பி அடிக்கும், அதனால எண் கொஞ்சம் இப்படி அப்படி நகரும். டிரைவர் சீட்ல நீங்க உக்காருங்க, நண்பரை பாக்ஸை நகர்த்தச் சொல்லுங்க. (டீ வாங்கிக் கொடுத்துடுங்க, பாக்ஸ் கனம்.) சப் ஒயரை பிளஸ் மைனஸ் மாத்தியும் ஒரு தடவை கேளுங்க. போர்ட் வாயை மட்டும் சுவரோட ஒட்டிடாதீங்க. போர்ட் அகலத்துக்காவது இடைவெளி விடணும்.

கடைசியா, சப்போட சேர்த்து 25, 30 கிலோ சுலபமா வரும். சடன் பிரேக் போட்டா அது பின்சீட்டைத் தேடி வரும், கண்டிப்பா கட்டிப் போடுங்க. தரையில ஸ்க்ரூ போடறதுக்கு முன்னாடி காருக்கு அடியில குனிஞ்சு பாருங்க, பெட்ரோல் டேங்க் அங்கதான் எங்கேயாவது இருக்கும்.

பாக்ஸை எங்க நகர்த்தினப்போ உங்களுக்கு அதிகமா அடிச்சுதுன்னு கமெண்ட்ல சொல்லுங்க. செடானா ஹேட்ச்பேக்கான்னும் சேர்த்து எழுதுங்க சாமி, இல்லேன்னா அந்தக் கமெண்ட்டால யாருக்கும் பிரயோஜனமில்ல!