முதலில் ஒரு சுவர்

(வட்டார ஓவியக் கண்காட்சியின் நிறைவு நாளில் பேசியது. பேசியபடியே, இரண்டொரு இடத்தில் மட்டும் திருத்தி எழுதியிருக்கிறேன்.)

மதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, தொடக்க நாளோடு கடமை முடிந்தது என்று போய்விடாமல் நிறைவு நாளுக்கும் வந்து முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் சிறப்பு விருந்தினர் அவர்களே, மண்டபத்தை மூன்று நாளும் நமக்குத் தந்த நிர்வாகத்தினரே, விழாக் குழுச் செயலாளர் அவர்களே, பொருளாளர் அவர்களே, ஓவியப் பெருமக்களே, அந்தப் பெருமக்களை வீட்டில் பொறுத்துக்கொள்கிறவர்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

பொருளாளருக்கு மட்டும் இரண்டாவது தடவையும் ஒரு வணக்கம் சொல்லிக்கொள்கிறேன். முன்பு ஒரு விழாவில் எல்லோர் பெயரையும் சொல்லி, பொருளாளர் பெயரை மட்டும் மறந்துவிட்டேன். அன்று எனக்குப் பயணப்படி வரவில்லை. அதிலிருந்து பெயர்களைச் சொல்வதையே விட்டுவிட்டு பதவிகளை மட்டும் சொல்கிறேன். ஒலிபெருக்கி வைத்த நண்பருக்கும், விளக்குகளைத் திருப்பித் திருப்பி வைத்து அலுத்துப்போன இளைஞர்களுக்கும் நன்றி. அவர்கள் மேடைக்கு வரமாட்டார்கள். ஆனால் இவ்வளவு நேரம் நீங்கள் படங்களைப் பார்த்தது அவர்கள் தயவில்தான்.

எனக்குக் கொடுத்த தலைப்பு 'படைப்பின் பின்புலமும் தூண்டுதலும்'. இதை மூன்றாகப் பிரித்துக்கொள்கிறேன். ஒன்று, ஓவியர்கள் எங்கிருந்து வருகிறார்கள். இரண்டு, எது அவர்களை வரைய வைக்கிறது. மூன்று, வண்ணங்கள். எனக்கு முன் பேசிய மூவரும் 'சித்திரமும் கைப்பழக்கம்' என்ற ஔவையார் வரியைச் சொல்லிவிட்டார்கள். நான் வேறொன்றைப் பிடித்துக்கொள்கிறேன். சுவர் இருந்தால்தான் சித்திரம். என்னைத் தெரிந்தவர்கள் சிரிக்கிறீர்கள். ஆமாம், இதைத்தான் நான் எல்லா மேடையிலும் சொல்கிறேன். நடக்கிறவரை சொல்வேன்.

சரி, முதல் விஷயத்துக்கு வருகிறேன். காலை அமர்வில் ஓவியர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் படத்துக்குப் பக்கத்தில் நின்று பேசினார்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து குறிப்பு எடுத்தேன். பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர். அவர் படங்கள் எல்லாமே அகலமானவை, உயரம் குறைவு. ஏன் இப்படி என்று ஒரு மாணவி கேட்டாள். "நான் உலகத்தப் பாத்ததே பின்பக்கக் கண்ணாடியிலதானம்மா" என்றார். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. அவர் படத்தில் கடைப் பலகைகளின் எழுத்தெல்லாம் இடம் வலம் மாறிக் கிடந்தது. இரண்டு நாளாக நான் அதை நவீன ஓவியத்தின் உத்தி என்று மற்றவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன்.

செவிலியராக இருந்த அம்மா ஒருவர் கைகளை மட்டுமே வரைகிறார். ஊசி போட நரம்பு தேடித் தேடிப் பார்த்த கைகள். "முகம் ஒண்ணுகூட ஞாபகம் இல்ல, கை எல்லாம் ஞாபகம் இருக்கு" என்றார். அதற்குமேல் அவர் எதுவும் பேசவில்லை. பேசவும் தேவையில்லை. கைப்பேசியைப் பார்த்தே வரையக் கற்றுக்கொண்ட தம்பி ஒருவர், "எனக்குப் பின்புலமே இல்லை சார்" என்று கூச்சப்பட்டார். தம்பி, பிரெஞ்சு ஓவியர் ஆன்றி ரூஸோ பாரிஸ் நகருக்குள் வரும் சரக்குக்கு வரி வசூலித்தவர். காடு காடாக வரைந்த அந்த மனிதர் பிரான்ஸை விட்டு வெளியே போனதே இல்லை. பாரிஸின் தாவரத் தோட்டத்துக் கண்ணாடிக் கூடத்துக்குள் இருந்த செடிகள்தான் அவருடைய காடு. இன்னொரு பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ், முதலில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தர். குடல்வால் நோயில் படுத்துக் கிடந்தபோது பொழுதுபோகட்டும் என்று அவர் அம்மா ஒரு வண்ணப் பெட்டி வாங்கித் தந்தார். ரஷ்ய ஓவியர் காண்டின்ஸ்கி சட்டம் படித்தவர். 1896இல் மாஸ்கோவில் பிரெஞ்சு ஓவியர் மோனேயின் வைக்கோல்போர் படத்தைப் பார்த்து, இது என்னவென்றே முதலில் புரியாமல், அதனாலேயே அதை மறக்க முடியாமல், முப்பது வயதில் வேலையை விட்டுவிட்டு மியூனிக்குக்கு வரையப் போனார். நம் ஓவியர் எம்.எஃப். ஹுசைன் பம்பாயில் சினிமா விளம்பரப் பலகை எழுதியவர். பின்புலம் இல்லாதவர் என்று யாரும் கிடையாது.

இரண்டாவது, தூண்டுதல். காலையில் பேசிய ஒருவர்கூட இந்தச் சொல்லைச் சொல்லவில்லை. அழைப்பிதழில் மட்டும்தான் இருக்கிறது. ஆகவே இதைப் பற்றிப் பேசுவதைவிட ஒரு கதை சொல்கிறேன். கதை இல்லை, எனக்கு நடந்தது.

நான் முதன்முதலாகப் படம் வைத்தது இதுமாதிரி ஒரு கண்காட்சியில்தான். ஒரே ஒரு படம். மழை விட்ட தெரு, தண்ணீரில் விளக்கு வெளிச்சம், ஓரமாக ஒரு சைக்கிள். அதைக் கூடத்தின் கடைசியில், கதவைத் திறந்தால் கதவுக்குப் பின்னால் போய்விடுகிற ஓர் இடத்தில் மாட்டியிருந்தார்கள். முதல் நாள் யாரும் அந்தப் பக்கம் வரவில்லை. சாயங்காலம் ஒரு மனிதர் வந்தார். வெள்ளைச் சட்டை, மடித்துக் கட்டிய வேட்டி. என் படத்துக்கு முன்னால் நின்றார். நின்றார் என்றால் சும்மா இல்லை, இருபது நிமிடம். பக்கத்தில் போனார், தள்ளி வந்தார், தலையைச் சாய்த்துப் பார்த்தார், குனிந்து கீழ் ஓரத்தைப் பார்த்தார். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. போய்ப் பேசலாமா, பேசினால் ரசனை கலைந்துவிடுமோ என்று தூண் மறைவிலேயே நின்றுவிட்டேன்.

மறுநாளும் வந்தார். நேராக என் படத்துக்கு. மற்ற நாற்பது படங்களை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. அவர் கேட்டால் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். மழை எனக்கு எப்படி ஒரு குறியீடு, அந்தச் சைக்கிள் யாருடைய தனிமை, இப்படியெல்லாம். சைக்கிள் என்னுடையது. நிறுத்த இடமில்லாமல் அங்கே நிறுத்தியிருந்தேன். அதைத் தனிமை ஆக்கியது அன்று இரவுதான்.

மூன்றாம் நாள் அவர் வந்ததும் பக்கத்தில் போனேன். "ஐயா, இது நான் வரைந்ததுதான்" என்றேன். "அப்படியா, ரொம்ப சந்தோஷம்" என்றார். நான் ஆரம்பித்துவிட்டேன். மழை, குறியீடு, தனிமை எல்லாவற்றையும் சொன்னேன். கால் மணி நேரம் பொறுமையாகக் கேட்டார். முடிந்ததும், "தம்பி, தப்பா நெனக்காதீங்க, அந்தப் படத்தக் கொஞ்சம் எடுக்க முடியுமா?" என்றார். வாங்கத்தான் போகிறார் என்று எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் படத்தை வாங்கித் தரையில் சாய்த்துவைத்துவிட்டு, சுவரைத் தட்டினார். டொக் டொக் என்று தட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார். "கேட்டீங்களா, பொத்துன்னு கேக்குது. பூச்சு விட்டுப்போச்சு. இந்தச் சுவரு நான் பூசுனது. விரிசல் உங்க படத்துக்குப் பின்னால போவுது, எம்புட்டு தூரம் போவுதுன்னு மூணு நாளாப் பாக்குறேன், தெரியல."

அவர் கொத்தனார்!

நீங்கள் இப்போது சிரிக்கிற மாதிரி என்னால் அன்று சிரிக்க முடியவில்லை. ஆனால் அவர் விடவில்லை. படத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தார். "ஓதம் ஏறியிருக்கு பாருங்க. இன்னும் பத்து நாள் இங்க தொங்குச்சுன்னா துணி உப்பிரும். படம் நல்லாத்தான் இருக்கு, மாட்டுன எடம்தான் சரியில்ல." பின்னால் பூசணம் பிடிக்க ஆரம்பித்திருந்தது. எந்தப் பத்திரிகை விமர்சகரும் என் படத்தை அவ்வளவு நெருக்கமாகப் பார்த்ததில்லை. 1961இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் மத்தீஸின் படகு ஓவியம் 47 நாள் தலைகீழாகத் தொங்கியது. அத்தனை பேர் பார்த்துவிட்டுப் போனார்கள். எங்கள் கொத்தனார் போயிருந்தால் முதல் நாளே படத்தையும் நேராக்கி, சுவரையும் தட்டிப் பார்த்திருப்பார்.

சுவர் இருந்தால்தான் சித்திரம். எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது அவர்தான். இது சாதாரண விஷயம் இல்லை. ஈரச் சுண்ணாம்புப் பூச்சின்மேல் வரைகிற முறையில், சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை உறிஞ்சி இறுகும்போது வண்ணத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. அதனால் ஒரு நாளில் எவ்வளவு வரைய முடியுமோ அவ்வளவுதான் அன்றைக்குப் பூசுவார்கள். பூசுகிறவர் வேலையை வைத்துத்தான் வரைகிறவர் வேலை. லியனார்டோ டா வின்சி நிதானமாக, திருத்தித் திருத்தி வரைய ஆசைப்பட்டு, 'கடைசி விருந்து' படத்தைக் காய்ந்த சுவரில் வரைந்தார். அவர் உயிரோடு இருக்கும்போதே அது உரிய ஆரம்பித்துவிட்டது. 1978இல் தொடங்கிய சீரமைப்பு 1999 வரை நடந்தது. தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றிய உள்சுற்றில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பது 1931இல்தான் தெரியவந்தது. அவ்வளவு காலம் அதைக் காப்பாற்றி வைத்திருந்தது அந்தச் சுவர்.

இப்போது தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார். அதனால் வண்ணங்களை விட்டுவிடுகிறேன். நான் எதற்காக வந்தேனோ அதைச் சொல்லிவிடுகிறேன்.

இந்தக் கண்காட்சி இன்று மாலை ஆறு மணிக்கு முடிகிறது. ஏழு மணிக்குப் படங்களை இறக்கிவிடுவார்கள். ஓட்டுநர் தன் படங்களைப் பழைய போர்வையில் சுற்றி எடுத்துப்போவார். அந்த அம்மாவின் கைகள் எல்லாம் கட்டிலுக்கு அடியில் போய்விடும். அடுத்த வருடம் மூன்று நாள் வெளியே வரும். வருடத்தில் மீதி 362 நாள்? அதற்குத்தான் சுவர் கேட்கிறேன். நூலகம், மருத்துவமனையில் காத்திருக்கும் கூடம், பேருந்து நிலையம், பத்திரப் பதிவு அலுவலகம். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு சுவர். ஓர் ஓவியருக்கு மூன்று மாதம், அப்புறம் அடுத்தவர். படத்துக்குப் பக்கத்தில் ஓவியர் தன் சொந்த வார்த்தையில் எழுதிய அரைப் பக்கம். காலையில் நாம் கேட்டோமே, அது. அந்தக் கண்ணாடிக் கதையை இங்கே அறுபது பேர் கேட்டோம். பேருந்து நிலையத்தில் வைத்தால் எத்தனை ஓட்டுநர்கள் படிப்பார்கள்!

நடக்காத காரியமா இது? மெக்ஸிகோவில் 1921இல் கல்வி அமைச்சரான வாஸ்கோன்செலோஸ் பொதுக் கட்டடங்களின் சுவர்களை ஓவியர்களிடம் கொடுத்தார். கல்வி அமைச்சகக் கட்டடத்தில் மட்டும் தியேகோ ரிவேரா 1923 முதல் 1928 வரை நூற்றுக்கும் மேற்பட்ட ஓவியங்கள் வரைந்தார். கொடுக்காத இடத்தில் ஓவியர்களே தேடிக்கொண்டார்கள். 1874இல் மோனேயும் நண்பர்களும் ஒரு புகைப்படக்காரரின் பழைய கூடத்தில் படம் மாட்டினார்கள். 1966இல் கே.சி.எஸ். பணிக்கரும் மற்றவர்களும் கைவினைப் பொருள் செய்து விற்ற காசில் நிலம் வாங்கிச் சென்னைக்கு அருகே சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்தைக் கண்டார்கள். அமெரிக்காவில் பாட்டி மோசஸ், மூட்டுவலியில் ஊசி பிடிக்க முடியாமல் பூத்தையலை விட்டுவிட்டு எழுபதைத் தாண்டிய வயதில் வரைய வந்தவர். அவர் படங்கள் ஒரு மருந்துக்கடை ஜன்னலில் இருந்தன. 1938இல் அந்த வழியே போன ஒருவர் பார்த்தார், இருந்ததை எல்லாம் வாங்கிக்கொண்டார். ஒரு மருந்துக்கடை ஜன்னல், அவ்வளவுதான் தேவைப்பட்டது.

செலவும் பெரிதில்லை. சுவரில் ஆணி அடிக்க வேண்டாம். மேலே ஒரு நீளக் கம்பி, அதிலிருந்து தொங்கும் கொக்கிகள் போதும். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் நிற்கிறவர் கண்ணுக்குச் சரியாக வரும். நேர் வெயில் படக் கூடாது. தாளில் வரைந்த நீர்வண்ணப் படங்களுக்கு விளக்கு வெளிச்சமே 50 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் போகாமல் பார்த்துக்கொள்வது அருங்காட்சியக வழக்கம். நம் கூடத்தில் அவ்வளவு துல்லியம் முடியாது என்றால், அந்தப் படங்களை இருட்டான மூலையில் மாட்டுங்கள். சேதமானால் யார் பொறுப்பு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். மாட்டுவதற்கு முன்னால் ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டுச் சுவரைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இதைக் கேட்டு நான் ஓர் அலுவலகத்துக்கு மூன்று முறை மனு கொடுத்தேன். அலுவலகத்தின் பெயர் வேண்டாம். மூன்றாவது முறை பதில் வந்தது. கட்டடத்தின் பாதுகாப்பை முன்னிட்டுச் சுவரில் எதையும் மாட்ட அனுமதியில்லையாம். பதிலை வாங்கிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தேன். அந்த அதிகாரி தலைக்கு மேலே நான்கு நாள்காட்டிகள். அதில் ஒன்று போன வருடத்தது. படம் நன்றாக இருக்கிறதே என்று விட்டுவைத்திருக்கிறார்கள். கோபம் வரவில்லை, நம்பிக்கைதான் வந்தது. அவர்களுக்கும் சுவரில் படம் வேண்டியிருக்கிறது.

சிறப்பு விருந்தினர் அவர்கள் காலையில் என்னிடம் தனியாக, "பேசிப் பார்க்கலாம்" என்றார். அவர் சொன்னதை மேடையில் சொல்லலாமா என்று கேட்கவில்லை. சொல்லிவிட்டேன். அடுத்து அவர்தான் பேச வேண்டும். அவர் பொறுப்பில் எத்தனை கட்டடங்கள் இருக்கின்றன என்று நான் எண்ணி எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். அதில் எந்தச் சுவர் என்று மட்டும் இந்த மேடையிலேயே அவர் சொன்னால், அந்த அம்மா இன்று மாலை தன் படங்களை வீட்டுக்குச் சுமக்க வேண்டாம். ஆறு மணிக்கு இன்னும் ஐம்பது நிமிடம் இருக்கிறது. ஒலிவாங்கியை அவரிடம் கொடுக்கிறேன்.

வணக்கம்.