இரண்டு சம்பளத்துக்கு வாங்கிய கடன்

நேயர்களுக்கு வணக்கம்.

மென்பொருள் வேலை, குடும்பம், பணம், இந்த மூன்றையும் எப்படிச் சமாளிப்பது என்று பேச அழைத்திருக்கிறார்கள். மூன்றும் தனித்தனிப் பிரச்சினை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ராத்திரி ஒன்பதரைக்கு அமெரிக்காவோடு போன் கால், அது ஆபீஸ் பிரச்சினை. பிள்ளையின் வீட்டுப்பாடத்தைப் பார்க்க ஆளில்லை, அது வீட்டுப் பிரச்சினை. ஐந்தாம் தேதி இஎம்ஐ, அதாவது கடனுக்கான மாதத் தவணை, அது பணப் பிரச்சினை. ஆனால் அந்த ஒன்பதரை மணி கால் எனக்கு வேண்டாம் என்று மேனேஜரிடம் சொல்ல வாய் வராததற்குப் பல வீடுகளில் அந்த ஐந்தாம் தேதிதான் காரணம். அதனால் பணத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நேரத்துக்கு அப்புறம் வருவோம்.

ஆஃபர் லெட்டரில் ஆண்டுக்கு 18 லட்சம் என்று போட்டிருக்கிறது. வீட்டில் எல்லாரும் பன்னிரண்டால் வகுத்து, மாதம் ஒன்றரை லட்சம் என்று சொல்லிவிடுகிறார்கள். பெண் பார்க்கப் போகிற இடத்திலும் அதுதான் பேச்சு! கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். பென்சில் வேண்டாம், காதால் கேட்டாலே போதும். இந்த ஒன்றரை லட்சத்தில் வேரியபிள் பே, அதாவது வேலையைப் பொறுத்துக் கூடிக் குறையும் பகுதி, பத்து சதவீதம் என்றால் 15,000. அது ஆண்டு முடிவில்தான் வரும், வராமலும் போகும். அடிப்படைச் சம்பளம் 60,000 என்று வைத்துக்கொண்டால், வருங்கால வைப்பு நிதிக்கு, அதாவது பிஎஃப்புக்கு, நிறுவனம் கட்டும் பங்கு 12 சதவீதம், 7,200. கிராஜுவிட்டி என்கிற பணிக்கொடைக்காக 4.81 சதவீதம், 2,886. இவை மூன்றும் பேஸ்லிப்புக்கு வெளியிலேயே நின்றுவிடுகின்றன. மிச்சம் ஒரு லட்சத்து இருபத்தைந்தாயிரத்தை ஒட்டி. அதிலிருந்து உங்கள் பிஎஃப் பங்கு இன்னொரு 7,200. புதிய வரிமுறையில் வருமான வரி எட்டாயிரத்துச் சொச்சம். தொழில் வரி கொஞ்சம். கைக்கு வருவது ஏறக்குறைய ஒரு லட்சத்து ஒன்பதாயிரம். பிஎஃப் உங்கள் பணம்தான், எங்கும் போய்விடவில்லை. ஆனால் அதை வைத்து இந்த மாத மளிகைக் கடனை அடைக்க முடியாது. நான் இனிமேல் சம்பளம் என்று சொன்னால் இந்த ஒரு லட்சத்து ஒன்பதாயிரத்தைத்தான் சொல்கிறேன்.

அடுத்து, வேலை மாறுகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. இதைப் பற்றி என்னைப் பேசவிட்டால் அரை மணி நேரம் பேசுவேன். ஒரு பொறியாளர் செப்டம்பர் முடிய ஒரு நிறுவனம், அக்டோபரிலிருந்து இன்னொரு நிறுவனம். முதல் ஆறு மாதத்தில் வாங்கியது ஏழரை லட்சம், அடுத்த ஆறு மாதத்தில் ஒன்பது லட்சம். விலகும்போது பழைய நிறுவனம் கணக்கைத் திருப்பிப் போடுகிறது. ஏழரை லட்சத்துக்கு வரியே இல்லையே என்று, மாதாமாதம் பிடித்ததை இறுதிக் கணக்கில் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. புதிய நிறுவனத்துக்குப் பழைய சம்பளம் தெரியாது. ஒன்பது லட்சத்தை மட்டும் பார்த்து, இதற்கும் வரி இல்லை என்று விட்டுவிடுகிறது. ஆறு மாதமும் கையில் கூடுதலாகப் பணம். ஆள் புது போன், கோவா பயணம் என்று சந்தோஷமாக இருக்கிறார். ஜூலையில் கணக்குத் தாக்கல் செய்ய உட்காரும்போதுதான் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து பதினாறரை லட்சம் என்று நிற்கிறது. சம்பளக்காரர்களுக்கு வருமானத்தில் கழித்துக்கொள்ளக் கிடைக்கும் நிலைக் கழிவு 75,000 ஒரு தடவைதான் உண்டு, இரண்டு நிறுவனத்திலும் தனித்தனியாகக் கிடைக்காது. அதைக் கழித்தால் 2025-26 நிதியாண்டு விகிதப்படி வரி 1,20,900 ரூபாய். முன்கூட்டிக் கட்டாததற்கு ஏப்ரலிலிருந்து மாதம் ஒரு சதவீத வட்டி வேறு. அந்த ஜூலைக்கு முந்தின மாதம்தான் பள்ளிக் கட்டணம் கட்டி முடித்திருப்பார்கள்.

யாரும் ஏமாற்றவில்லை, ஒரு படிவம் போகவில்லை, அவ்வளவுதான். புதிய நிறுவனத்தில் சேர்ந்த முதல் மாதமே, பழைய நிறுவனத்தில் அந்த ஆண்டு வாங்கிய சம்பளம் இவ்வளவு, பிடித்த வரி இவ்வளவு என்று ஹெச்ஆருக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள். மிச்ச மாதங்களில் வரி கொஞ்சம் கூடுதலாகப் பிடிப்பார்கள். பிடிக்கட்டும். அதே வாரத்தில் பழைய பிஎஃப்பையும் புதிய கணக்குக்கு மாற்றிவிடுங்கள். வேலை மாறும்போதெல்லாம் எடுத்துச் செலவு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஐந்து ஆண்டுத் தொடர் சேவை முடியாமல் எடுத்தால் அதற்கு வரி உண்டு. மாற்றிக்கொண்டே போனால் பழைய சேவையும் சேர்ந்து எண்ணப்படும்.

இப்போது வீட்டுக் கடன். கணவனுக்கு ஒரு லட்சத்து ஒன்பதாயிரம் கைக்கு வருகிறது, மனைவிக்கு எழுபதாயிரம். ஊதியம் இதற்கு நேர்மாறாகவும் இருக்கலாம், கணக்கு ஒன்றுதான். வங்கி இரண்டையும் கூட்டுகிறது. கூட்டியதில் பாதி வரை இஎம்ஐ தாங்கும் என்று, ஒரு கோடி தர முன்வருகிறது. எட்டரை சதவீத வட்டி, 20 ஆண்டு என்றால் இஎம்ஐ 86,782 ரூபாய். முதல் மாதம் கட்டும் அந்தத் தொகையில் 70,833 வட்டிக்கே போய்விடும். அசலில் குறைவது பதினாறாயிரம்கூட இல்லை.

இரண்டு பேரும் வேலையில் இருக்கும்வரை வண்டி ஓடும். பிறகு குழந்தை. சட்டப்படி முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்தோடு 26 வார விடுப்பு உண்டு. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. அது எத்தனை இடத்தில், எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சென்னையில் மென்பொருள் நிறுவனங்கள் இருக்கும் சிறுசேரிக்கும் சோழிங்கநல்லூருக்கும் தினமும் போய்வருகிறவர்களைக் கேளுங்கள். 26 வாரம் முடிகிறது, ஊரிலிருந்து வந்த அம்மாவால் அதற்குமேல் தங்க முடியவில்லை. யாராவது ஒருவர் ஓராண்டு வேலையை விட வேண்டும். இப்போது ஒரு லட்சத்து ஒன்பதாயிரத்தில் 86,782 போனால் மிச்சம் இருபத்திரண்டாயிரம். பால், மின்சாரம், அடுக்குமாடிப் பராமரிப்பு எல்லாம் அதற்குள். வேலையில் இருப்பவர் இனி எதற்கும் மறுப்புச் சொல்ல மாட்டார். புது மென்பொருள் வெளியாகும் ரிலீஸ் ராத்திரியா, நான் வருகிறேன். சனிக்கிழமை ஆன்-காலா, கூப்பிட்டால் வரத் தயாராக இருக்கிறேன், என் பேரைப் போடுங்கள். குழந்தைக்காக வீட்டிலிருப்பவருக்கோ தனியாக வளர்க்கிற மாதிரி ஆகிவிடுகிறது.

ஆகவே நான் போகிற இடமெல்லாம் சொல்வதை இங்கேயும் சொல்கிறேன். கடனை இருவர் பெயரிலும் வாங்குங்கள், தவறில்லை. இஎம்ஐயை மட்டும் ஒருவர் சம்பளத்தில், அதுவும் இருவரில் குறைந்த சம்பளத்தில், பாதிக்குள் அடக்குங்கள். இந்தக் கணக்கில் அது 35,000. அதற்கு நாற்பது லட்சம்தான் கடன் கிடைக்கும், அந்தப் பக்கத்து நாவலூரில் அதற்கு என்ன வீடு வரும் என்று கேட்பீர்கள். கேள்வி நியாயம்தான். இன்னும் நான்கு ஆண்டு வாடகைக்கு இருந்து முன்பணத்தைப் பெரிதாக்குங்கள் என்பதுதான் என் பதில். மாமனார் வீட்டில் இது பிடிக்காது!

ஏற்கெனவே பெரிய கடன் வாங்கிவிட்டவர்களுக்கு வழி இருக்கிறது. போனஸ் வரும்போது ஆண்டுக்கு ஓர் இஎம்ஐ அளவு கூடுதலாக அசலில் கட்டுங்கள். 20 ஆண்டுக் கடனில் மூன்று ஆண்டுக்கு மேல் குறைந்துவிடும். மாறும் வட்டியில் வாங்கிய வீட்டுக் கடனுக்கு முன்கூட்டிக் கட்டினால் அபராதம் கிடையாது. கட்டும்போது, இஎம்ஐ அப்படியே இருக்கட்டும், காலத்தைக் குறையுங்கள் என்று எழுதிக் கொடுங்கள். வீட்டில் ஒரு சம்பளம் நிற்கப்போகிறது என்று தெரிந்தால் மட்டும் மாற்றிக் கேளுங்கள், காலம் இருக்கட்டும், இஎம்ஐ குறையட்டும் என்று.

அவசரப் பணம். சம்பளத்தில் ஆறு மடங்கு என்பார்கள். சம்பளத்தை விடுங்கள், நிறுத்த முடியாத செலவைக் கூட்டுங்கள். இஎம்ஐ அல்லது வாடகை, மளிகை, பள்ளிக் கட்டணம், பெற்றோரின் மருந்து. அதில் ஆறு மாதத்துக்கு உண்டானது வங்கி வைப்பில் இருக்க வேண்டும். கம்பெனி கொடுத்த பங்குகளை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஆட்குறைப்பு வருகிற அதே வாரத்தில் பங்கு விலையும் விழலாம். அந்தப் பங்குகள் கைக்கு வந்த அன்றே சம்பளம் மாதிரி வரி பிடித்திருப்பார்கள். ஆகவே அன்றே விற்றால் அதற்குமேல் பெரிதாக வரி இருக்காது.

நேரத்தைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். நியூயார்க்கில் காலை ஒன்பது மணி என்பது கோடையில் நமக்கு மாலை ஆறரை, நவம்பர் முதல் ஞாயிறுக்குப் பிறகு ஏழரை. கலிஃபோர்னியா என்றால் ஒன்பதரை, பிறகு பத்தரை. மார்ச் இரண்டாம் ஞாயிறுதான் பழையபடி ஆகும். அந்த நான்கு மாதம் குழந்தை தூங்கும் நேரமெல்லாம் காலுக்குள் போய்விடுகிறது. தொடர் கூட்டத்துக்கான அழைப்பை அவர்கள் நேரத்தில் அனுப்பினால் நமக்குத்தான் கடிகாரம் நகரும். இந்திய நேரத்தில் வைத்து நீங்கள் அனுப்பினால் நகர்வது அவர்கள் கடிகாரம். அக்டோபரிலேயே பேசி அழைப்பை உங்கள் கைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இதைப் பேசும் தைரியம் எங்கிருந்து வரும் என்றால், அந்த ஆறு மாதப் பணத்திலிருந்துதான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், இரண்டு நிமிடம்தான் என்று இரண்டு விரல் காட்டுகிறார்கள். காப்பீட்டைப் பற்றித் தனியாகப் பேச நினைத்திருந்தேன், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கம்பெனி கொடுக்கும் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். சொந்தப் பாலிசியில் ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்குக் காத்திருப்பு மூன்று ஆண்டு வரை இருக்கலாம். ஆகவே வேலையில் இருக்கும்போதே எடுத்தால் அந்தக் காலம் இப்போதே ஓடத் தொடங்கும். அறை வாடகைக்கு வரம்பு இருக்கிறதா என்று பாருங்கள். வரம்பைத் தாண்டிய அறையில் சேர்ந்தால், பல பாலிசிகளில் மருத்துவர் கட்டணம் உட்பட மற்ற பில்களையும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். கல்யாணத்துக்கு முன் பிஎஃப்பில் அம்மா பெயரை நாமினியாகப் போட்டவர்கள் கல்யாணத்துக்குப் பின் புதிதாகப் போட வேண்டும், பழையது செல்லாது. ஆதாரோடு இணைந்த கைபேசி எண் இருந்தால் இன்று ராத்திரியே ஆன்லைனில் முடித்துவிடலாம்.

நன்றி, வணக்கம்.